திண்மம், நீர்மம், வாயு: திரையின் துணையோடு கற்பிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுநிலை வகுப்புகளில் பருப்பொருளின் நிலைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்களும், அதே பாடத்தில் வீட்டில் பிள்ளைகளுக்குத் துணை நிற்கும் பெற்றோரும் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகளில் என் வகுப்பறை அனுபவத்தின் சாய்வு இருக்கும்.

பனிக்கட்டி மேசைமேல் வைத்தாலே உருகிவிடுகிறது. இந்தப் பாடத்துக்குத் தொழில்நுட்பம் எதற்கு?

பாதிப் பாடத்துக்குத் தேவையே இல்லை. பனிக்கட்டி உருகுவதையும், மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் சீசாவுக்குள்ளேயே உறைந்துவிடுவதையும், இட்லிப் பானை மூடியின் உட்புறத்தில் நீர் முத்து முத்தாகச் சேர்வதையும் காட்ட எந்தக் கருவியும் வேண்டாம். கைக்கு எட்டும் இவற்றைக் காணொளியில் காட்டுவது வீண் வேலை.

திரை தேவைப்படுவது மீதிப் பாதிக்கு. “திண்மத்தில் துகள்கள் நெருக்கமாக உள்ளன” என்று பாடநூல் சொல்லும் வரியில்தான் குழந்தை கண்ணால் கண்டவற்றை விட்டு, காண முடியாத ஒன்றை நம்ப வேண்டிய இடத்துக்கு வருகிறது. ஒரு சொட்டு நீர் ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், அதிலுள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை 1-க்குப் பின்னால் 21 சுழியங்களைப் போட்டால் வரும் எண்ணையும் தாண்டிவிடும். கரும்பலகையில் வரையும் பன்னிரண்டு வட்டங்கள் இவற்றின் இடத்தைக் காட்டலாமே தவிர, இவற்றின் ஓயாத அசைவைக் காட்ட முடியாது. அசைவு இல்லாமல் இந்தப் பாடம் விளங்காது.

எதிலிருந்து தொடங்குவது?

அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ சிமுலேஷன்களிலிருந்து (நாமே மாற்றிப் பார்க்கக்கூடிய கணினி அசைவு மாதிரிகள்) தொடங்குவதையே நான் பரிந்துரைக்கிறேன். 2001-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அடுத்த ஆண்டே தொடங்கிய திட்டம் இது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை. பருப்பொருளின் நிலைகளைப் பற்றிய சிமுலேஷன் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. குழந்தைகளுக்கு எளிய வடிவமே போதும். துகள்களுக்கு இடையிலான விசையை வரைபடமாகக் காட்டும் பகுதி மற்றதில்தான் உள்ளது, அது மேல்நிலை வகுப்புக்கு உரியது.

முதல் பக்கத்தில் நியான், ஆர்கான், ஆக்சிஜன், நீர் என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கலத்தின் அடியில் உள்ள அடுப்பைக் கூட்டியும் குளிர்வித்தும் பார்க்கலாம். இரண்டாம் பக்கத்தில் பம்பால் அடித்துத் துகள்களைச் சேர்க்கலாம். மூடியை விரலால் அழுத்தலாம். அழுத்தம் அளவு மீறினால் மூடி பறந்துவிடும். மூடியைப் பறக்க விடாத வகுப்பை நான் இதுவரை கண்டதில்லை. அதைத் தடுக்க வேண்டாம், “ஏன் பறந்தது?” என்று கேட்டால் போதும், வாயு அழுத்தம் என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஓர் எச்சரிக்கை. பார்க்க எளிமையாக இருக்கிறது என்று பலர் நியானிலிருந்து தொடங்குகிறார்கள். நியான் நீர்மமாக இருப்பது சுமார் மைனஸ் 248 டிகிரி செல்சியஸை ஒட்டிய குறுகிய இடைவெளியில் மட்டும்தான். அந்த எண்ணைத் திரையில் பார்க்கும் குழந்தை, நீர்மம் என்றாலே பயங்கரக் குளிர் என்று முடிவு கட்டிவிடும். நீரில் தொடங்கி, பிறகு ஆர்கானுக்குப் போனால், உருகும் வெப்பநிலை பொருளுக்குப் பொருள் மாறும் என்ற செய்தி தானாகவே வந்து சேரும்.

வகுப்பில் எந்த வரிசையில் நடத்தலாம்?

கை முதலில், திரை பிறகு, மீண்டும் கை என்ற வரிசையே எனக்குப் பலன் தந்திருக்கிறது. ஊசி இல்லாத இரண்டு பிளாஸ்டிக் சிரிஞ்சுகளை எடுத்து, ஒன்றில் காற்றையும் மற்றொன்றில் நீரையும் நிரப்பி, முனையை விரலால் அடைத்து அழுத்தச் சொல்லுங்கள். காற்று அமுங்குகிறது, நீர் அசைய மறுக்கிறது. இந்த இடத்தில் திரையைத் திறக்காமல், “உள்ளே என்ன நடந்திருக்கும் என்று நோட்டில் வரையுங்கள்” என்று பத்து நிமிடம் கொடுங்கள். தவறாக வரைவார்கள். காற்றுத் துகள்கள் சிறுத்துவிட்டதாக வரைவோரும், துகள்களுக்கு நடுவே இன்னும் ஏதோ ஒன்று நிரம்பியிருப்பதாக வண்ணம் தீட்டுவோரும் உண்டு. அந்தப் படம் கையில் இருக்கும்போதுதான் சிமுலேஷன் வேலை செய்கிறது. ஏனென்றால் குழந்தை தன் ஊகத்தைச் சரிபார்க்கத் திரையைப் பார்க்கிறது. ஊகம் இல்லாமல் பார்த்தால் அது வெறும் வண்ணப் பந்துகளின் ஆட்டம்.

திரையை மூடிய பிறகு சிரிஞ்சை மறுபடியும் கையில் கொடுங்கள். இந்த முறை அழுத்தும்போது அவர்கள் பேசும் பேச்சு வேறாக இருக்கும்.

திரையில் காட்டும் படம் பிள்ளைகளைத் தவறாக எண்ண வைக்காதா?

வைக்கும். எந்த மாதிரியும் ஏதோ ஓர் இடத்தில் பொய் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பொய்யை ஆசிரியரே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பதைத்தான் இந்தப் பக்கம் முழுவதிலும் நான் வலியுறுத்த விரும்புகிறேன்.

முதலாவது நிறம். திரையில் ஆக்சிஜன் அணு சிவப்பாக இருப்பது வேதியியலாளர்கள் வைத்துக்கொண்ட வழக்கம். தனி அணுவுக்கு நாம் பார்க்கிற பொருளில் நிறம் கிடையாது. அடுத்தது அளவு. அறையில் உள்ள காற்றில் ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் உள்ள சராசரித் தொலைவு, மூலக்கூறின் குறுக்களவைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு. நீரிலோ மூலக்கூறுகள் ஒன்றையொன்று கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆனால் பல படங்கள் திண்மம் நெருக்கம், நீர்மம் நடுத்தரம், வாயு தொலைவு என்று படிக்கட்டுபோல வரைந்துவிடுகின்றன. அப்படி வரைந்தால் நீரையும் பாதியளவுக்கு அமுக்க முடிய வேண்டுமே! சிரிஞ்சு சோதனையைச் செய்த குழந்தைகளிடம் அந்தப் படத்தைக் காட்டி, “இதில் என்ன பிழை?” என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது வேகம். அறை வெப்பநிலையில் நைட்ரஜன் மூலக்கூறு நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அதை அப்படியே காட்டினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதால் சிமுலேஷன் பல கோடி மடங்கு மெதுவாக ஓடுகிறது.

எல்லாவற்றையும்விட நுட்பமான சிக்கல் துகள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம். பின்னணியில் நீல வண்ணம் தீட்டியிருந்தால் துகள்கள் காற்றில் மிதப்பதாகக் குழந்தை எண்ணிக்கொள்ளும். காற்றே துகள்தான் என்றால் அவற்றுக்கு நடுவில் இருப்பது என்ன? ஒன்றுமில்லை என்ற விடையைப் பெரியவர்களே எளிதில் ஏற்பதில்லை. 1970-களின் இறுதியில் இஸ்ரேலில் நோவிக், நுஸ்பாம் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களிடம் வாயுவைப் பற்றிக் கேட்டபோதும் இந்த வெற்றிடத்தில்தான் பலர் தடுக்கி விழுந்தார்கள். அவசரப்படாமல் இதற்கென்றே ஒரு பாடவேளையை ஒதுக்கலாம்.

கொதிக்கும் நீரில் வரும் குமிழிக்குள் காற்றுதானே இருக்கிறது?

இல்லை, நீராவி இருக்கிறது. இந்தக் குழப்பத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. நியூசிலாந்தில் ஆஸ்போர்ன், காஸ்குரோவ் ஆகிய இருவர் 8 முதல் 17 வயது வரையிலான மாணவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டு, 1983-இல் முடிவுகளை வெளியிட்டனர். வெப்பம் என்றும், காற்று என்றும், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் என்றும் விடைகள் வந்தன. கடைசி விடையைச் சொல்பவர்கள் அறிவியல் கொஞ்சம் படித்தவர்கள் என்பதுதான் வேடிக்கை: நீரின் வேதி வாய்பாட்டைக் (H₂O) கற்றவர்களால் மட்டுமே அப்படித் தவற முடியும்.

இங்கே உதவுவது சாதாரணக் கைபேசியின் ஸ்லோ மோஷன் வசதி. வெப்பம் தாங்கும் கண்ணாடிக் கலத்தில் நீரை வைத்து, பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, பக்கவாட்டிலிருந்து படம் எடுங்கள். முதலில் சுவரில் ஒட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு குமிழிகள் நீரில் கரைந்திருந்த காற்றே. குழந்தை சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு, அதை ஒப்புக்கொள்ளுங்கள். கொதிநிலை நெருங்கும்போது அடியில் பெரிய குமிழிகள் தோன்றி, மேலே வரும் வழியிலேயே சுருங்கி மறைந்துவிடும். பாத்திரம் “உஸ்” என்று பாடுவது அப்போதுதான். காற்றாக இருந்தால் பாதி வழியில் மறையாது. மேல்பகுதி நீர் இன்னும் போதிய அளவு சூடாகாததால் ஆவி மீண்டும் நீராகிவிடுகிறது. முழுதாகக் கொதிக்கத் தொடங்கியபின் எடுத்த படத்தில் குமிழிகள் மேலே வரவரப் பெரிதாகும். இரண்டு காணொளிகளையும் அடுத்தடுத்துக் காட்டிவிட்டு, “காற்றாக இருந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டாமா? நீர்மட்டம் ஏன் குறைகிறது?” என்று கேட்டால் விவாதம் தானாக நடக்கும்.

ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது அது அடைக்கும் இடம் ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகுகிறது. மூலக்கூறு ஒன்றுகூடப் பருப்பதில்லை, இடைவெளிதான் பெருகுகிறது.

தமிழில் கற்பிக்கும்போது சொற்களால் வரும் சிக்கல்கள் உண்டா?

உண்டு; ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த கையேடுகள் இவற்றைக் கவனிப்பதே இல்லை. “ஐஸ் கரைந்துவிட்டது” என்றுதான் வீட்டில் பேசுகிறோம். “சர்க்கரை கரைந்துவிட்டது” என்றும் சொல்கிறோம். முதலாவது உருகுதல், இரண்டாவது கரைதல், அதற்கு இன்னொரு பொருள் வேண்டும். ஒரே வினைச்சொல் இரண்டுக்கும் வருவதால், சர்க்கரை தேநீரில் நீர்மமாக மாறிவிட்டது என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, சொல்லைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

‘ஆவி’ இன்னும் சிக்கலானது. இட்லிப் பானையைத் திறந்ததும் வெண்மையாக எழுவதை ஆவி என்கிறோம். உண்மையில் அது மிக நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். நீராவி கண்ணுக்குத் தெரியாது. கெட்டிலின் மூக்கை ஒட்டினாற்போல் ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும் சிறு இடைவெளியைப் படம்பிடித்துப் பெரிதாக்கிக் காட்டுங்கள்: உண்மையான நீராவி அங்கேதான் இருக்கிறது. ‘காற்று’ என்ற சொல்லையும் எல்லா வாயுக்களுக்கும் பொதுவாக வழங்குகிறோம்.

இணையத்தில் தேடும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். தமிழ்நாட்டு ஆறாம் வகுப்புப் பாடநூல் ‘பருப்பொருள்’ என்பதை இலங்கைப் பாடநூல்கள் ‘சடப்பொருள்’ என்கின்றன. அங்கே நீர்மம் ‘திரவம்’, ஆவி நீராவது ‘ஒடுங்கல்’. இரு வகைச் சொற்களையும் போட்டுத் தேடினால் நல்ல காணொளிகள் கூடுதலாகக் கிடைக்கும்.

வெப்பநிலை உணரிகளைப் பள்ளியில் பயன்படுத்த முடியுமா?

தாராளமாக முடியும்; இந்தப் பாடத்தில் சிமுலேஷனுக்கு அடுத்தபடியாக நான் மதிப்பது இதைத்தான். நீர் புகாத உறையில் வரும் ‘டிஎஸ்18பி20’ என்ற எண்முறை உணரி, மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை அளக்கக்கூடியது. ஓர் ஆர்டுயினோ பலகையும் (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) 4.7 கிலோஓம் மின்தடையும் சேர்ந்தால் கணினித் திரையில் வெப்பநிலை வரைபடமாக ஓடத் தொடங்கும். உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் இதைக் கட்டமைக்க எட்டாம் வகுப்பு மாணவர்களே போதும்.

நொறுக்கிய பனிக்கட்டி நிறைந்த பாத்திரத்தில் உணரியைச் செருகி, மெல்லிய சூட்டில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். வரைபடம் எப்படிப் போகும் என்று முன்கூட்டியே கேட்டால், அனைவரும் நேராக ஏறும் கோட்டைத்தான் வரைவார்கள். திரையிலோ கோடு 0 டிகிரியை ஒட்டியே படுத்துக்கொண்டிருக்கும். அடுப்பு எரிகிறது, எண் நகரவில்லை. “சார், சென்சார் கெட்டுப்போச்சு” என்று குரல் வரும் அந்தக் கணத்துக்காகவே இத்தனை கம்பிகளையும் இணைக்கலாம். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல் ஆற்றல் தேவை. அதே ஆற்றல் ஒரு கிராம் நீரை ஏறத்தாழ 80 டிகிரி சூடாக்கியிருக்கும். துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்துவதிலேயே அது செலவாவதால்தான் எண் நிற்கிறது.

எண் சரியாக 0.0 என்று நிற்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த உணரிக்கு அரை டிகிரி வரை பிழை இருக்கலாம். உதகமண்டலம் போன்ற மலையூரில், கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில், கொதிநீரை அளந்தால் 93 டிகிரியை ஒட்டித்தான் காட்டும். அது கருவியின் குறையல்ல, அங்கே காற்றழுத்தம் குறைவு.

ஆர்டுயினோ இல்லாவிட்டால், ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ‘ஃபைஃபாக்ஸ்’ செயலி, கைபேசியிலுள்ள உணரிகளையே ஆய்வகமாக்குகிறது. அழுத்த உணரி உள்ள கைபேசியைக் காற்றோடு ஜிப் பைக்குள் மூடி, பையை மெல்ல அழுத்தினால் அழுத்தக் கோடு உயர்வதைக் காணலாம். எல்லாக் கைபேசிகளிலும் அந்த உணரி இருக்காது.

நெற்றியில் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானியைக் கொண்டு அளக்கலாமா?

வேண்டாம். அது உடல் வெப்பநிலையை ஒட்டிய எல்லைக்குள் மட்டுமே காட்டும். தொழிற்கூட வகையைப் பயன்படுத்தினாலும் அது அளப்பது மேற்பரப்பை மட்டுமே. பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தைக் காட்டினால் பெரிதும் தவறான எண் வரும்.

கற்பூரம் பதங்கமாவதை எப்படிக் காட்டுவது?

ஆரத்தித் தட்டில் கற்பூரம் எரிவதைப் பதங்கமாதலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் பழக்கத்தை முதலில் விட்டுவிடுவோம். எரிதல் வேதி மாற்றம்; புதிய பொருள்கள் உண்டாகின்றன. பற்ற வைக்காமல் திறந்து வைத்த கற்பூரம், நீர்மமாகாமல் நேரே வாயுவாகி, நாளடைவில் இளைத்துப்போவதுதான் பதங்கமாதல். இதற்கு டைம்லாப்ஸ், அதாவது இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டிக் காட்டும் முறை, பொருத்தமான கருவி. சில கட்டிகளை 0.1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசில் வைத்து, எண்ணும் கட்டிகளும் சேர்ந்து தெரியும்படி நாளுக்கு இரண்டு படம் எடுக்கச் சொல்லுங்கள். தட்டில் ஈரம் எங்கும் இல்லாமலே எடை குறைவதுதான் காண வேண்டிய சான்று. சிறு பிள்ளைகள் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கற்பூரம் நஞ்சு.

பனிக்கட்டிக்கும் டைம்லாப்ஸ் செய்யலாம். பத்து நொடிக்கு ஒரு படம் என ஒரு மணி நேரம் எடுத்தால் 360 படங்கள். நொடிக்கு 30 படம் என்று ஓட்டினால் 12 நொடியில் முடியும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும்.

மணல், தோசை மாவு, நெருப்பு ஆகியவை எந்த நிலை?

மணல் நீர்மம்போலக் கொட்டினாலும் ஒவ்வொரு மணியும் திண்மம். கைபேசிக் கேமராவை நெருக்கிப் பிடித்துக் காட்டினால் போதும். தோசை மாவு நீரும் மாவுத்துகளும் வாயுக் குமிழிகளும் சேர்ந்த கலவை என்பதால் ஒரே பெட்டியில் அடங்காது. அடங்காததைச் சொல்லிக் கொடுப்பதும் பாடமே. சுடர் என்பது சூடான வாயுக்களும் ஒளிரும் கரித்துகள்களும் கலந்தது.

துகள்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா, அல்லது கணினிக் கற்பனையா என்று குழந்தை கேட்டால்?

மிக நல்ல கேள்வி. “புத்தகத்தில் இருக்கிறது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீர் கலந்து மிக மெல்லியதாக்கிய பாலின் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து, கண்வில்லையின் மேல் கைபேசியைப் பொருத்திப் படம்பிடித்தால், மிகச் சிறிய கொழுப்புத் துளிகள் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் நாலாபுறமும் மோதுவதால் வரும் நடுக்கம் அது. 1827-இல் ராபர்ட் பிரவுன் இத்தகைய அசைவைக் கவனித்தார். 1905-இல் ஐன்ஸ்டீன் அதைக் கணக்கால் விளக்கினார். பின்னர் பிரெஞ்சு இயற்பியலாளர் பெரென் சோதனையால் உறுதிப்படுத்தினார். சிமுலேஷனில் பார்த்த ஆட்டத்துக்குக் கண்முன் கிடைக்கும் சாட்சி இது. 1989-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தித் தங்கள் நிறுவனப் பெயரை எழுதிய படத்தையும் சேர்த்துக் காட்டலாம்.

எங்கள் பள்ளியில் இணையம் நிலையாக இல்லை. ஒரே ஒரு கைபேசிதான் இருக்கிறது. என்ன செய்வது?

ஃபெட் சிமுலேஷன்களை ஒரே கோப்பாகப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், இணையம் இல்லாமலே உலாவியில் திறக்கும், பென்டிரைவில் பகிரலாம். பாடநூலிலுள்ள கியூஆர் குறியீட்டின் வழி வரும் காணொளிகளையும் முந்தைய நாளே இறக்கி வையுங்கள். ஒரே திரை இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு: வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் ஊகித்து, கை தூக்கி, பிறகு ஒன்றாகப் பார்க்கிறது. ஆளுக்கொரு திரை கிடைத்தால் ஆளுக்கொரு மூடி பறக்கும், அவ்வளவுதான்.

எந்த வயதில் தொடங்கலாம்?

துகள் பற்றிய சிமுலேஷனுக்குப் பத்து, பதினொரு வயதுக்கு முன் அவசரம் இல்லை. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நீரும் பனிக்கட்டியும் போதும். இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அந்த ஒரு மணி நேரத்தையும் இந்தப் பாடத்துக்குச் செலவிட வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டதா என்பதை எப்படி அறிவது?

வரையறையைக் கேட்காதீர்கள், அதை மனப்பாடம் செய்துவிடலாம். இருபது புளியங்கொட்டைகளையும் ஒரு கைபேசியையும் கொடுத்து, பனிக்கட்டி நீராகி, நீர் ஆவியாவதைப் படம் படமாக நகர்த்தி எடுக்கச் சொல்லுங்கள். இதற்கான ஸ்டாப் மோஷன் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒவ்வொரு கொட்டையையும் எங்கே வைப்பது, எவ்வளவு நகர்த்துவது என்று முடிவெடுக்கும்போது குழந்தை தன் மனத்திலுள்ள மாதிரியை வெளியே எடுத்து வைக்கிறது. திண்மத்தில் கொட்டைகளைச் சற்றும் அசைக்காமல் விட்டால், அதிர்வு இன்னும் விளங்கவில்லை. நீர்மத்தில் கொட்டைகளைப் பரப்பிவிட்டால், சிரிஞ்சை மறுபடியும் கையில் கொடுக்க வேண்டும். வாயுவைக் காட்ட ஏழெட்டுக் கொட்டைகளை அப்புறப்படுத்திவிடும் குழுக்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. தாளில் இடம் போதவில்லை என்பார்கள். நான் மறுப்புச் சொல்வதில்லை. முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் கொட்டைகளை எண்ணிச் சொல்லும்படி மட்டும் கேட்பேன். சிறிது நேரத்தில் யாரோ ஒருவர் எழுந்துவந்து, “இன்னும் நாலு தாள் கிடைக்குமா சார்?” என்று கேட்பார்.